92507: அமெரிக்காவில் ஸ்பீச் தெரபி பில்லை எப்படிப் படிப்பது

அமெரிக்காவில் பிள்ளையை ஸ்பீச் தெரபிக்குக் கூட்டிப் போகும் பெற்றோருக்குச் சில வாரங்களிலேயே பழகிவிடும் எண் 92507. கிளினிக் தரும் ரசீதில் அது இருக்கும். இன்ஷூரன்ஸ் அனுப்பும் கணக்குத் தாளிலும் இருக்கும். பக்கத்திலேயே எஃப்80.2 என்றோ எஃப்80.9 என்றோ இன்னொரு குறியீடு. மூன்று வயதுப் பிள்ளை எத்தனை சொல் பேசுகிறான், ‘பால் வேணும்’ என்று கேட்கத் தெரியாமல் தரையில் உருண்டு அழுகிறானா என்பதெல்லாம் கிளெய்மை, அதாவது கிளினிக் பணம் கேட்டு அனுப்பும் விண்ணப்பத்தை, படிக்கும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது இந்த இரண்டு குறியீடுகளும் உங்கள் பாலிசியின் விதிகளும்தான்.

‘பணம் தர இயலாது’ என்று ஒரு கடிதம் வந்ததும் நம்மவர்கள் பலர் தெரபியையே நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைக்கு இது தேவையில்லை என்று யாரோ பெரிய டாக்டர் பார்த்து முடிவு செய்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். பல மறுப்புகளில் பிள்ளையின் தேவையை யாரும் எடை போட்டிருக்கவே மாட்டார்கள். ஒரு குறியீடு இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை, முன் அனுமதி எண் விட்டுப்போயிற்று, பாலிசியின் ஏதோ ஒரு வரி குறுக்கே நின்றது, அவ்வளவுதான். எந்த வரி என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதனால்தான் இந்தக் குறியீடுகளைப் படிக்கத் தெரிந்துகொள்வதும் பிள்ளையின் சிகிச்சையைச் சேர்ந்ததே என்று நினைக்கிறேன்.

என்ன செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள்

முதலில் அந்த ஐந்து இலக்க எண். இதற்கு சிபிடி குறியீடு என்று பெயர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் தொடங்கிய பட்டியல் இது. இன்றும் அதன் உரிமை அந்தச் சங்கத்திடமே இருக்கிறது, ஒவ்வொரு ஜனவரியிலும் திருத்தப்படுகிறது. தெரபிஸ்ட் என்ன செய்தார் என்பதை மட்டும் அது சொல்லும். எதற்காகச் செய்தார் என்பதைச் சொல்ல ஐசிடி-10 என்ற நோய்க் குறியீடு இருக்கிறது. அமெரிக்காவில் அது 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் ஆண்டுத் திருத்தம் அக்டோபரில் வரும். போன வருடம் சரியாகப் போன கிளெய்ம் இந்த வருடம் திரும்பி வந்தால், குறியீடு ஏதும் மாறியிருக்கிறதா என்று பில்லிங் மேசையில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

கிளினிக் அனுப்பும் கிளெய்ம் படிவத்தில் 21ஆம் கட்டத்தில் நோய்க் குறியீடுகள் வரிசையாக இருக்கும். பன்னிரண்டு வரை எழுதலாம். 24ஆம் கட்டத்தில் செய்த வேலையின் குறியீடும், அது எந்த நோய்க்காகச் செய்யப்பட்டது என்று சுட்டும் எழுத்தும் இருக்கும். பிள்ளைக்கு நான்கு பிரச்சினை இருந்து, தெரபி எதற்காக என்று சுட்டும் எழுத்து மட்டும் தவறாக விழுந்தால் போதும், கிளெய்ம் திரும்பிவிடும்.

முதல் நாள் நடப்பது பரிசோதனை. அதற்கு நான்கு குறியீடுகள். திக்குவாய் பற்றியது என்றால் 92521. ஒலிகளை உச்சரிப்பது மட்டும் என்றால் 92522. உச்சரிப்போடு, மொழியைப் புரிந்துகொள்வதையும் சொல்லத் தெரிவதையும் சேர்த்துப் பார்த்தால் 92523. குரலைப் பற்றியது 92524. 2014க்கு முன்பு இவை எல்லாவற்றுக்கும் 92506 என்ற ஒரே எண்தான் இருந்தது. சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 92523தான் வரும். அதற்குள் 92522 அடங்கிவிடுவதால், ஒரே பரிசோதனைக்கு இரண்டும் போட்டிருந்தால் அது பிழை. தயங்காமல் கேளுங்கள்.

விழுங்குவதில் சிரமம் என்றால் பரிசோதனைக்கு 92610, சிகிச்சைக்கு 92526. பேச்சு வராத பிள்ளைக்கு அவனுக்காகப் பேசும் கருவி தேவையா என்று பார்க்க 92607, அதைப் பயன்படுத்தப் பழக்க 92609. குழுவாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தால் 92508. தனியாகக் கொடுக்கும் வழக்கமான பயிற்சிதான் 92507.

இந்த 92507இல் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இது நேரக் கணக்கு இல்லாத குறியீடு. அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான், ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். பிசியோதெரபியில் பல குறியீடுகள் 15 நிமிடத்துக்கு ஒன்று என்று ஓடும், இது அப்படி இல்லை. உங்கள் பாலிசி வருடத்துக்கு 30 முறை என்று அளந்து கொடுக்கிறது என்றால், அரை மணி நேர வகுப்பு ஒவ்வொன்றும் அந்த முப்பதில் ஒன்றை முழுசாகத் தின்றுவிடும். வாரம் இரண்டு அரை மணி நேரமா, ஒரே முறை முக்கால் மணி நேரமா என்பதை முதலில் பிள்ளையின் கவனம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இருந்தாலும் இந்தக் கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டு தெரபிஸ்டிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. செப்டம்பரில் கணக்குத் தீர்ந்துபோய் நான்கு மாதம் பிள்ளை சும்மா இருக்கும் நிலை வரக்கூடாது.

எஃப் எழுத்தில் தொடங்கும் வம்பு

பணம் வருமா வராதா என்பது பெரும்பாலும் நோய்க் குறியீட்டில்தான் தீர்மானம் ஆகிறது. சிறு பிள்ளைகளின் பேச்சுப் பிரச்சினைகள் எஃப்80 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. எஃப்80.0 உச்சரிப்புக் குறைபாடு. எஃப்80.1 புரிகிறது, ஆனால் சொல்ல வரவில்லை. எஃப்80.2 புரிந்துகொள்வதும் சொல்வதும் இரண்டுமே சிரமம். எஃப்80.4 காது கேட்காததால் வந்த பேச்சுத் தாமதம். எஃப்80.81 சிறுவயதில் தொடங்கும் திக்குவாய். கடைசியில் எஃப்80.9, அதாவது வளர்ச்சியில் ஏதோ பேச்சு மொழிக் குறைபாடு, இன்னதென்று குறிப்பிடவில்லை.

இந்த எஃப்80.9 ஒரு தொல்லை. முதல் பரிசோதனைக்கு முன்னால், குழந்தை மருத்துவர் சீட்டு எழுதும்போது அது நியாயமானது, அப்போது யாருக்கும் எதுவும் தெரியாதே. பரிசோதனை முடிந்து, அறிக்கையில் விவரமாக எழுதிய பிறகும் பில்லில் அதே குறியீடு ஓடிக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்க முடிகிறது. ‘குறிப்பிடப்படாதது’ என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால், தேவை நிரூபிக்கப்படவில்லை என்று அவர்கள் சொல்வது சுலபமாகிவிடுகிறது.

இன்னொரு சிக்கல் பாலிசியின் வாசகத்திலேயே இருக்கிறது. பல பாலிசிகள், நோயாலோ விபத்தாலோ இழந்த பேச்சைத் திரும்பக் கொண்டுவரும் சிகிச்சைக்குத் தாராளமாகப் பணம் தரும். வளர்ச்சித் தாமதத்துக்குத் தராது, அல்லது கஞ்சத்தனமாகத் தரும். பக்கவாதம் வந்து பேச்சை இழந்த ஐம்பது வயதுக்காரருக்கு உண்டு, பேச்சே வராத மூன்று வயதுக் குழந்தைக்கு இல்லை. ஏற்கெனவே இருந்த திறனை மீட்பது ஒரு வகை, இதுவரை வராத திறனை வரவைப்பது இன்னொரு வகை என்று இன்ஷூரன்ஸ் உலகம் பிரிக்கிறது. 2010இல் வந்த ஒபாமாகேர் சட்டம் இந்த இரண்டையுமே கட்டாயப் பலன்களின் பட்டியலில் சேர்த்தது. 2014 முதல், தனியாக வாங்கும் பாலிசிகளும் சிறு நிறுவனங்களின் பாலிசிகளும் இரண்டையும் தந்தாக வேண்டும். 2017 முதல் இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கைக்குள் சேர்த்து வரம்பு போடவும் கூடாது. அதற்காகவே பில்லில் 96 என்ற துணைக் குறியீடு இருக்கிறது, வரவைக்கும் சிகிச்சை என்று அர்த்தம். மீட்கும் சிகிச்சைக்கு 97. இதைக் கேட்கும் கம்பெனிக்கு இதைப் போடாமல் அனுப்பினால், தப்பான கணக்கில் கழித்துவிடுவார்கள்.

சரி, அப்படியானால் பணம் வரும் குறியீடாகப் பார்த்து மாற்றிப் போடச் சொல்லலாமா? கூடாது. இல்லாத நோயை எழுதுவது மோசடி, தெரபிஸ்டின் லைசென்ஸே போய்விடும். ஆனால் உண்மையிலேயே இருப்பது பில்லில் விட்டுப்போயிருந்தால், சேர்க்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. அண்ணப் பிளவோடு பிறந்து அறுவை சிகிச்சை நடந்த குழந்தைக்கு வெறும் எஃப்80.0 மட்டும் போயிருந்தால், அது வளர்ச்சித் தாமதம் என்றே படிக்கப்படும். அண்ணப் பிளவைக் குறிக்கும் கியூ35 வரிசைக் குறியீட்டையும் சேர்த்தால், பிறவிக் குறைபாட்டால் வந்தது என்று தெரியும். பிறவிக் குறைபாடு என்றால் பல பாலிசிகளில் அந்த ‘வளர்ச்சித் தாமதம்’ தடை பொருந்தாது. காது கேளாமையும் அப்படித்தான். ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதி செய்திருந்தால் எஃப்84.0 குறியீடும் பில்லில் இருக்க வேண்டும். மனநலச் சிகிச்சைக்கு உடல்நலச் சிகிச்சையைவிடக் கடுமையான வரம்பு போடக்கூடாது என்கிற 2008ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஆட்டிசத்துக்கும் பொருந்தும். இத்தனை முறைதான் என்று அடைக்கும் பாலிசியை அதை வைத்துக் கேள்வி கேட்க இடமிருக்கிறது. பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளதெல்லாம் பில்லில் இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு

தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றதும், ‘ரெண்டு மொழி பேசினா குழம்பிப்போகும், வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்க’ என்று யாராவது சொல்வார்கள். சில சமயம் சொல்பவர் டாக்டராகவே இருப்பார். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் மொழிக் குறைபாடு வருவதில்லை. உண்மையான குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். ஒரு மொழியில் மட்டும் தடுமாற்றம் என்றால், அந்த மொழி இன்னும் போதுமான அளவு காதில் விழவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

பில்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டாம் மொழியைக் கற்பதால் வரும் சிரமத்துக்கு இன்ஷூரன்ஸ் பணம் தராது. ‘ஐ மில்க் வாண்ட்’ என்கிறான் பிள்ளை. தமிழ் வாக்கிய அமைப்பில் இங்கிலீஷ் சொற்களைப் போட்டிருக்கிறான், அதில் குறைபாடு எதுவும் இல்லை. இதை மட்டும் எடுத்துக்காட்டாக எழுதிய அறிக்கை போனால், கிளெய்மைப் பார்ப்பவர் மொழி கற்கும் பிரச்சினை என்று மூடிவிடலாம். அதே பிள்ளை தமிழிலும் ‘பால்’ என்பதோடு நின்றுவிடுகிறான், ‘பால் வேணும்’ என்று சேர்க்கத் தெரியவில்லை, ‘ஷூவை எடுத்துட்டு வந்து அப்பாகிட்ட குடு’ என்றால் புரியவில்லை என்று அறிக்கையில் இருந்தால் கதையே வேறு.

பிள்ளையின் மொழித் திறனை அளக்கும் பிஎல்எஸ்-5 போன்ற தேர்வுகளில் சராசரி மதிப்பெண் 100. 75 வாங்கினால் அதே வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் இவனைவிட மேலே இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் அந்தச் சராசரி தமிழ் பேசும் வீடுகளை வைத்துக் கணக்கிட்டதல்ல. அதனால் மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல், வீட்டில் தமிழில் எப்படிப் பேசுகிறான் என்பதைப் பெற்றோரிடம் கேட்டு, முடிந்தால் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசவைத்துப் பார்த்து எழுத வேண்டும். ‘இரு மொழியிலும் மதிப்பிடப்பட்டது, குறைபாடு இரண்டிலும் காணப்படுகிறது’ என்ற வரி அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தெரபிஸ்டிடம் கேளுங்கள். பிள்ளை தமிழில் பேசும் ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கொண்டு போவது இந்த இடத்தில் ரொம்பவே உதவும். பாட்டி தாத்தாவோடு போனில் பேசும்போது எடுத்தாலே போதும்.

கணக்குத் தாளில் ஒரு வரி

சிகிச்சை முடிந்த சில வாரங்களில் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஈஓபி என்ற ஒரு தாளை அனுப்பும். ‘இது பில் அல்ல’ என்று பெரும்பாலும் மேலேயே அச்சடித்திருக்கும். அதைப் பார்த்ததும் பணம் கட்டிவிட வேண்டாம், கிளினிக்கின் பில் வரட்டும்.

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை. கிளினிக் கேட்டது 240 டாலர். கம்பெனியோடு கிளினிக் செய்துகொண்ட ஒப்பந்த விலை 115. மீதி 125க்கு எதிரே சிஓ-45 என்று இருக்கும். அதை யாரும் கட்ட வேண்டாம், ஒப்பந்தப்படி கிளினிக் தள்ளுபடி செய்கிறது. 115க்கு எதிரே பிஆர்-1 என்று இருந்தால், உங்கள் டிடக்டிபிள், அதாவது கம்பெனி பணம் தரத் தொடங்கும் முன் வருடத்தில் நீங்கள் கட்ட வேண்டிய தொகை, இன்னும் முடியவில்லை, முழுவதையும் நீங்கள் கட்ட வேண்டும். வருடத்தின் பிற்பகுதியில் டிடக்டிபிள் முடிந்த பிறகு அதே 115இல் கம்பெனி 92 கொடுத்து, 20 சதவீதப் பங்காக 23 டாலரை உங்கள் பக்கம் தள்ளும். அதற்கு பிஆர்-2. ஒவ்வொரு முறையும் கட்டும் நிலையான தொகை என்றால் பிஆர்-3. பிஆர் என்றால் உங்கள் பொறுப்பு. சிஓ என்றால் ஒப்பந்தத்தில் இருக்கும் கிளினிக் உங்களிடம் அதைக் கேட்கக்கூடாது. கிளினிக்கின் பில்லில் சிஓ தொகையும் சேர்ந்து வந்திருந்தால், ஈஓபியைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.

மறுப்புகளுக்கும் இப்படி எண்கள் உண்டு. 197 என்றால் முன் அனுமதி வாங்கவில்லை. 16 என்றால் ஏதோ ஒரு விவரம் விட்டுப்போயிற்று. 11 என்றால் நோயும் செய்த வேலையும் பொருந்தவில்லை. இந்த மூன்றும் பெரும்பாலும் எழுத்துப் பிழை வகை. கிளினிக் திருத்தி மறுபடி அனுப்பினாலே பல சமயம் தீர்ந்துவிடும், அப்பீல் தேவையில்லை. 119 என்றால் வருட எண்ணிக்கை முடிந்துவிட்டது. 96 என்றால் பாலிசியிலேயே இல்லாத பலன் (முன்பு பார்த்த துணைக் குறியீடு 96 வேறு). 50 என்றால் மருத்துவத் தேவை இல்லை என்று கம்பெனி கருதுகிறது. கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல் எதிர்த்துப் பேச வேண்டியது முக்கியமாக இந்த 50ஐ. உங்களுக்கு வரும் தாளில் கம்பெனி தன் சொந்த வாசகத்தைப் போட்டிருக்கலாம். கிளினிக்குக்குப் போகும் தாளில் இந்தப் பொது எண்கள் இருக்கும், பில்லிங் மேசையில் கேட்டால் சொல்வார்கள்.

பாலிசி யாருடைய பணம்?

இது தெரியாமல் சண்டை போட்டால் தவறான கதவைத் தட்டுவோம். பெரிய நிறுவனங்கள் பல, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தங்கள் சொந்தப் பணத்தில் கொடுக்கின்றன. அட்டையில் பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தாலும், அது கணக்குப் பிள்ளை வேலைதான் பார்க்கிறது. இப்படிப்பட்ட திட்டங்களை 1974ஆம் ஆண்டின் எரிசா என்ற கூட்டாட்சிச் சட்டம் ஆள்கிறது, மாநிலச் சட்டம் தொடாது. உங்கள் மாநிலம் ஆட்டிசத்துக்கோ பேச்சுப் பயிற்சிக்கோ கட்டாயம் பணம் தர வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தாலும் இந்தத் திட்டத்தை அது கட்டுப்படுத்தாது. ஒபாமாகேரின் கட்டாயப் பலன் பட்டியலும் இதற்குப் பொருந்தாது. ஐடி வேலையில் இருக்கும் நம்மவர்களில் பலர் இருப்பது இந்த வகையில்தான்.

கண்டுபிடிப்பது எப்படி? மனிதவளத் துறையில் ஒரே கேள்வி கேட்டால் போதும்: நம்முடைய திட்டம் நிறுவனத்தின் சொந்தப் பணமா, வெளியே வாங்கிய இன்ஷூரன்ஸா? டெக்சஸில் இருப்பவர்கள் அட்டையைப் பார்த்தாலே தெரியும். டிடிஐ அல்லது டிஓஐ என்ற எழுத்துகள் இருந்தால் அது மாநிலத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது.

சொந்தப் பணத் திட்டத்தில் ஒரு நல்லதும் இருக்கிறது. விதியை எழுதியது உங்கள் முதலாளி, அதனால் மாற்றவும் அவரால் முடியும். வளர்ச்சித் தாமதத்துக்குப் பேச்சுப் பயிற்சி கிடையாது என்ற வரியை எடுத்துவிடுங்கள் என்று, அதே பிரச்சினை உள்ள நான்கைந்து ஊழியர்கள் சேர்ந்து எழுதிக் கேட்கலாம். பிள்ளைக்கு இப்படி இருக்கிறது என்று ஆபீசில் வெளியே சொல்லத் தயங்கும் நம் வழக்கம் இங்கே குறுக்கே நிற்கிறது. அந்தத் தயக்கத்தின் விலையைக் குழந்தைதான் கொடுக்கிறது.

இன்ஷூரன்ஸ் அல்லாத கதவுகள்

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இன்ஷூரன்ஸைவிட முதலில் தட்ட வேண்டிய இடம் மாநிலத்தின் ஆரம்பகால உதவித் திட்டம். 1986இல் கூட்டாட்சிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது இது. டாக்டர் சீட்டு தேவையில்லை, பெற்றோரே போன் செய்யலாம். பரிசோதனை இலவசம், அழைத்த 45 நாளுக்குள் திட்டம் தயாராக வேண்டும். மூன்று வயது முடிந்ததும் பொறுப்பு உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. பிள்ளை இன்னும் பள்ளியில் சேரவில்லை என்றாலும் கேட்கலாம். பள்ளி தருவது படிப்புக்குத் தேவையான அளவு மட்டுமே, இன்ஷூரன்ஸ் பார்ப்பது மருத்துவத் தேவையை. இரண்டும் வேறு வேறு அளவுகோல். ‘பள்ளியில்தான் கிடைக்கிறதே’ என்று இன்ஷூரன்ஸ் மறுத்தால், பள்ளியில் குழுவாக நடப்பதற்கும் கிளினிக்கில் தனியாக நடப்பதற்கும் இலக்குகளே வேறு என்று தெரபிஸ்ட் எழுதிக் கொடுக்க வேண்டும்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மெடிகெய்டில் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு, மருத்துவத் தேவை என்று இருந்தால் பேச்சுப் பயிற்சியைத் தந்தே ஆக வேண்டும். நமக்கு வருமானம் அதிகம், கிடைக்காது என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1981இல் அயோவாவைச் சேர்ந்த கேட்டி பெக்கெட் என்ற சிறுமி, வீட்டில் பார்த்துக்கொள்ள முடிந்தும் மருத்துவமனையிலேயே கிடக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போனால் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுத்து மெடிகெய்டை நிறுத்திவிடுவார்கள் என்பதே காரணம். அதிபர் ரீகன் வரை அது பேசப்பட்டு விதி மாறியது. அதன் வழியில் பல மாநிலங்களில், கடுமையான குறைபாடுள்ள பிள்ளைக்குப் பெற்றோரின் வருமானத்தைப் பார்க்காமல் மெடிகெய்ட் தரும் வழிகள் இருக்கின்றன. விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் காத்திருப்போர் பட்டியல் வருடக்கணக்கில் நீளும், ஆகவே சீக்கிரம் பெயர் கொடுப்பது நல்லது. விசாவைப் பற்றிய கவலை இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைக்காசில் கட்டுவதாக முடிவு செய்தால், 2022 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி கிளினிக் முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையிடலாம். எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து வரியில்லாப் பணத்தை எடுத்துக் கட்டவும் முடியும்.

பேச்சை இழந்த பெரியவர்கள்

பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சை இழந்தவருக்கு ஐ69.320, விழுங்க முடியாமல் போனால் ஐ69.391. மூளையில் ரத்த ஓட்டம் அடைபட்டு வந்த பாதிப்பு என்பது குறியீட்டிலேயே தெரிந்துவிடுவதால், பிள்ளைகளுக்கு நடக்கும் ‘வளர்ச்சித் தாமதம்’ வாக்குவாதம் இங்கே இல்லை. இங்கே வரும் தடை வேறு: ‘இனி முன்னேற்றம் இல்லை, நிறுத்திவிடலாம்’ என்பார்கள்.

முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேரில் இருப்பவருக்கு இதை எதிர்க்க வலுவான ஆதாரம் உண்டு. ஜிம்மோ வழக்கில் 2013இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, முன்னேற்றம் இல்லை என்பதை மட்டும் காரணமாகச் சொல்லி மெடிகேர் மறுக்க முடியாது. இருக்கும் நிலை மோசமாகாமல் காக்கத் தேர்ந்த தெரபிஸ்ட் தேவை என்றால் அதற்கும் பணம் உண்டு. வருடத்துக்கு இவ்வளவுதான் என்றிருந்த பழைய உச்சவரம்பும் 2018இல் நீக்கப்பட்டது. இப்போது இருப்பது ஒரு எல்லைக்கோடு, அதுவும் பிசியோதெரபியையும் ஸ்பீச் தெரபியையும் சேர்த்து. 2025இல் அது 2,410 டாலராக இருந்தது. அதைத் தாண்டினால் கேஎக்ஸ் என்ற குறியைப் போட்டு, தேவை இன்னும் இருக்கிறது என்று தெரபிஸ்ட் உறுதி சொன்னால் தொடரலாம். ‘மெடிகேர் லிமிட் முடிந்துவிட்டது’ என்று கிளினிக்கில் சொன்னால் இந்தக் குறியைப் பற்றிக் கேளுங்கள்.

ஊரிலிருந்து வந்து கிரீன் கார்டு வாங்கிய பெற்றோர், ஐந்தாண்டு தொடர்ந்து இங்கே வசித்து 65 வயதையும் தாண்டியிருந்தால் பிரீமியம் கட்டி மெடிகேரில் சேர முடியும். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு எடுக்கும் பயண இன்ஷூரன்ஸ் அவசரச் சிகிச்சையோடு பெரும்பாலும் நின்றுவிடும், மாதக்கணக்கான பேச்சுப் பயிற்சியை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்பீல்

மறுப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து 180 நாள் அவகாசம் இருக்கிறது. முதலில் செய்ய வேண்டியது, எந்த விதியை வைத்து மறுத்தீர்கள், என் கோப்பு முழுவதையும் அனுப்புங்கள் என்று எழுதிக் கேட்பது. இலவசமாகத் தந்தாக வேண்டும். போனில் பேசினால் பேசியவரின் பெயரையும் அழைப்பின் குறிப்பு எண்ணையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு வந்ததும், அவர்கள் சொன்ன விதியை வரி வரியாக எடுத்துப் பதில் எழுத வேண்டும். உருக்கமான கடிதத்தைவிட அதுவே எடுபடும். மருத்துவத் தேவை என்று குழந்தை மருத்துவர் எழுதிய கடிதம், பரிசோதனை அறிக்கை, இதுவரை நடந்த முன்னேற்றம், அடுத்த இலக்கு. ‘பேச்சு மேம்படும்’ என்ற இலக்கு செல்லுபடியாகாது. ‘ஆறு மாதத்துக்குள், பத்தில் எட்டு முறை இரண்டு சொல்லைச் சேர்த்துத் தனக்கு வேண்டியதைக் கேட்பான்’ என்று அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இன்னும் நடக்காத சிகிச்சை என்றால் 30 நாளுக்குள்ளும், நடந்து முடிந்தது என்றால் 60 நாளுக்குள்ளும் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

அதிலும் மறுத்தால், நான்கு மாதத்துக்குள் வெளி ஆய்வு கேட்கலாம். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத மருத்துவ ஆய்வாளர் கோப்பைப் படிப்பார். மருத்துவத் தேவை பற்றிய மறுப்புக்கே இந்த வழி திறந்திருக்கும். இந்தப் பலன் பாலிசியிலேயே இல்லை, எண்ணிக்கை முடிந்துவிட்டது என்ற மறுப்புகள் பொதுவாக இங்கே வராது. அவற்றுக்கு மனிதவளத் துறையோ மாநில இன்ஷூரன்ஸ் துறையோதான் வழி. மறுப்புக் கடிதத்தில் காரணமாக எழுதியிருப்பது இதில் எந்த வகை என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். வெளி ஆய்வாளர் 45 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ‘தேவைதான்’ என்று அவர் எழுதிவிட்டால் அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும், பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.